எல்லை வரை என்று எழுதினேன்

கூட்டத்திற்கு வந்திருந்தவர்கள் பதினாறு பேர். குருசாமி இருந்தார். அவர் தொழில் பெயிண்டிங் கான்ட்ராக்ட். கர்நாடகத்தில் இருக்கும் எங்கள் நீலசந்திராவிலிருந்து திருவண்ணாமலைக்கு நடந்து போகும் குழுவைப் பதினோரு வருடமாக நடத்துகிறார் என்பதால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் குருசாமி. சாமான் வண்டி ஓட்டும் அவருடைய மச்சான் இருந்தார். கோயில் வாசலில் பூக்கட்டும் அக்கா இருந்தார். மற்றவர்கள் போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் நடந்தவர்கள். புதிதாக வந்தவன் நான் ஒருவன்தான். என் அம்மா வரவில்லை. யாருக்காக அந்தக் கூட்டத்திற்குப் போனேனோ அவள் வரவில்லை. காலையில் தெரு பெருக்கும் வேலை முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் ரிச்மண்ட் டவுனில் ஒரு வீட்டுக்குப் பாத்திரம் கழுவப் போவாள். "நீ போய் நம்ம ரெண்டு பேர் பேரையும் குடுத்துட்டு வா. படிச்சவன்தானே" என்று அனுப்பிவிட்டாள்.

படிச்சவன்தானே என்பது எங்கள் வீட்டில் எல்லா வேலைக்கும் பொருந்தும் காரணம். கேஸ் புக் பண்ண, கரண்ட் பில் பார்க்க, மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்ல. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். டிகிரியும் முடித்தேன். கணக்குப் பாடத்தில் இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவை தேறினேன். அந்த மூன்றாவது தடவைக்கு முன்னால்தான் அம்மா வேண்டிக்கொண்டாளாம், பையன் பாஸ் ஆனால் இங்கேயிருந்து அண்ணாமலைக்குச் செருப்பில்லாமல் நடந்தே வருகிறேன் என்று. ரிசல்ட் வந்த அன்று இதைச் சொன்னாள். எனக்குச் சந்தோஷம் போய்விட்டது.

"நான் ராப்பகலா படிச்சு பாஸ் பண்ணேன். அதுக்கும் மலைக்கும் இன்னாம்மா சம்பந்தம்?"

"மொதல் ரெண்டு வாட்டியும் படிச்சுதான எழுதின?"

வேண்டுதல் முடியாமல் கிடப்பது அவளை அரித்தது. எனக்கு வேலை கிடைக்கத் தாமதமானால் அதனால்தான், தண்ணீர் லாரி வராவிட்டால் அதனால்தான். இரண்டு வருடம் இதைக் கேட்டபின், போய்த் தொலைக்கலாம், நானும் கூட வருகிறேன் என்று சொன்னேன். அவளுக்கு வேலையிலிருந்து பத்து நாள் ரஜா வேண்டும். தெரு பெருக்கும் ஆட்களை மேய்க்கும் மேஸ்திரியிடம் மூன்று மாதம் முன்பே சொல்லி, அவர் வீட்டு விசேஷத்துக்கு இரண்டு நாள் சும்மா வேலை செய்து கொடுத்து, அந்தப் பத்து நாளை வாங்கி வைத்திருந்தாள். பௌர்ணமிக்குப் போய்ச் சேர்கிற மாதிரி வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும். ஒரு நாள் தள்ளினாலும் ரஜா உதைக்கும்.

கூட்டத்தில் ஆளுக்கு இரண்டாயிரத்து ஐநூறு என்று முடிவானது. நான் ஐயாயிரம் கொடுத்தேன். அப்புறம் குருசாமி ஒரு பேச்சை எடுத்தார்.

"போன வருஷம் பொம்மனஹள்ளி கிட்ட போலீஸ்காரன் நம்ம வண்டியை நிறுத்திட்டான். மைக் செட்டுக்குப் பர்மிஷன் எங்கன்னான். அரை மணி நேரம் பேஜார். ஒரு லெட்டர் இருந்தா காட்டிட்டுப் போய்னே இருக்கலாம்." என்னைப் பார்த்தார். "தம்பி, நீ கன்னடம் நல்லா எழுதுவேன்னு உங்கம்மா சொன்னாங்க. ஸ்டேஷனுக்கு ஒரு லெட்டர் போட்டுரு. நம்ம கும்பல்ல இத்தனி வருஷத்துல படிச்ச சாமி நீ ஒருத்தன்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. அதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

அரசுப் பள்ளியில் கன்னடத்தில்தான் படித்தேன். என் கட்டுரையை வாத்தியார் வகுப்பில் வாசித்துக் காட்டுவார். அந்தக் கடிதத்தை இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். போலீஸுக்கு எழுதுவதென்றால் அவர்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதை மட்டும்தான் எழுத வேண்டும் என்று நானாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். கர்நாடகப் போலீஸின் அதிகாரம் அத்திப்பள்ளியில் முடிகிறது. அதற்கப்புறம் ஓசூர், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் எல்லாம் தமிழ்நாடு. அதைப் பற்றி இவர்களுக்கு என்ன. ஆகவே திருவண்ணாமலையை எழுதவில்லை. 'கடியவரெகெ' என்று எழுதினேன். கன்னடத்தில் கடி என்றால் எல்லை. எல்லை வரை.

சாமி, கோயில் என்றெல்லாம் எழுதினால் படிக்காதவன் எழுதிய மாதிரி இருக்கும் என்று அதையும் விட்டேன். வழியெல்லாம் அரோகரா போடுவார்களே, அதற்கு என்ன எழுதுவது என்று யோசித்து, கோஷம் என்பதைக் 'கோஷணெ' என்று எழுதினேன். யார் நாங்கள் என்பதற்கு, நீலசந்திரா தமிழர்கள் என்று எழுதினேன். வண்டியில் ஒரு கொடி கட்டியிருக்கும், அதையும் ஒளிக்காமல் எழுதினேன். நேர்மையான கடிதம். பின்னால் பெயர்ப் பட்டியல். கூட்டத்துக்கு வராதவர்களையும் சேர்த்து இருபத்து மூன்று பெயர். அதில் முதல் பெயராக அம்மாவின் பெயரை வைத்தேன். அவள் பெயர் எந்தப் பட்டியலிலும் முதலில் வந்து நான் பார்த்ததில்லை. ரேஷன் கார்டில் மட்டும், அதுவும் அப்பா போன பிறகுதான், மேலே ஏறியது. எழுதி, என் கையெழுத்தும் எங்கள் வீட்டு முகவரியும் போட்டு, ஸ்டேஷனில் கொடுத்து, முத்திரை குத்திய நகலை வாங்கி வந்தேன். குருசாமி அதை வாங்கி நெற்றியில் ஒற்றிப் பையில் வைத்துக்கொண்டார். அவருக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது.

ஒருவழியாக எனக்கு வேலை கிடைத்திருந்த அலுவலகத்தில் சும்மா இருந்த நேரத்தில் ஒரு எக்ஸெல் ஷீட் போட்டேன். எந்த நாள் எந்த ஊர், எத்தனை கிலோமீட்டர், எங்கே கல்யாண மண்டபம், எங்கே தண்ணீர். முதல் நாள் அத்திப்பள்ளி தாண்டி ஓசூர். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"இன்னாடா இது, எத்தினி மணிக்கு மூத்திரம் போறதுன்னு போடலையா?"

ஆனால் தினமும் வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தார் ரோட்டில் ஒரு சுற்று நடந்து பழகினாள். பாதத்துக்கு விளக்கெண்ணெய் தடவினாள். மாதக்கணக்கில் மேஸ்திரியிடம் கெஞ்சினவள் என்பது அந்த நடையில் தெரியவில்லை.

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை காலை, ஒரு கான்ஸ்டபிள் அம்மா பெருக்குகிற தெருவுக்கே வந்துவிட்டார். வீட்டில் விசாரித்தபோது பக்கத்து வீட்டுக்காரர் அவள் வேலை செய்யும் இடத்தைக் காட்டியிருக்கிறார். நடுத்தெருவில், துடைப்பத்தோடு நிற்பவளிடம், அவள் பெயரைச் சொல்லி, நீதானா, எத்தனை பேர் சேர்த்திருக்கிறாய், எதற்காக என்று கேட்டு, நாளை ஆதாரோடு ஸ்டேஷனுக்கு வா என்று சொல்லியிருக்கிறார். மேஸ்திரி டீக்கடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கான்ஸ்டபிள் போனதும் வந்து கேட்டாராம்.

"போலீஸ் கேஸா?"

"எனக்குத் தெரியாதுங்க. நடக்கறதைப் பத்திக் கேட்டாரு."

"நடக்கறதுக்கு எதுக்கு போலீஸ் வரான்? கேஸ் இல்லன்னு ஸ்டேஷன்ல எழுதி வாங்கினு வா. அதுவரைக்கும் கைரேகை வெக்க வராத. ரஜாவும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

அதாவது, மெஷினில் கைரேகை வைத்து ஆஜர் போடாததால், அன்று காலை பெருக்கி முடித்த தெருவுக்கும் சம்பளம் இல்லை. பத்து வருடமாக அந்தத் தெருவைப் பெருக்குகிறவள். அந்தக் கான்ஸ்டபிளிடம் மேஸ்திரி ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், விஷயம் தெரிந்திருக்கும். கேட்க மாட்டார்கள். எங்களைப் போன்றவர்களிடம் போலீஸ் பேசினால் அதற்கு ஒரே அர்த்தம்தான் அவர்களுக்கு.

புதன்கிழமை ஸ்டேஷனுக்கு மூன்று பேர் போனோம். குருசாமி, அம்மா, நான். மேஜைக்குப் பின்னால் இருந்த ஏட்டு ஐம்பது வயதுக்காரர், தமிழும் கன்னடமும் கலந்து பேசினார். காவிரித் தண்ணீர் பேச்சு மறுபடி டிவியில் ஓடிக்கொண்டிருந்த வாரம் அது. நான் அதை யோசிக்கவே இல்லை. அவர் கடிதத்தை எடுத்து உரக்க வாசித்தார். என் கன்னடத்தை இன்னொருவர் குரலில் கேட்டபோதுதான் என்ன எழுதியிருக்கிறேன் என்று எனக்கே புரிந்தது. நீலசந்திராவைச் சேர்ந்த தமிழர்களாகிய நாங்கள் இருபத்து மூன்று பேர், கொடியுடனும் ஒலிபெருக்கியுடனும், கோஷணெ கூவிக்கொண்டு, எல்லை வரை பாதயாத்திரை செல்லவிருக்கிறோம். கன்னடத்தில் கோஷணெ என்றால் கட்சிக்காரர்கள் கத்துவது. பாதயாத்திரை கோயிலுக்கும் போகலாம், கட்சியும் போகலாம். கோயிலை நான்தான் வெட்டி எறிந்திருந்தேனே.

"எல்லைக்குப் போயி இன்னா பண்றதா இருக்கீங்க?" என்றார் ஏட்டு.

"எல்லையில ஒண்ணும் பண்ணலை சார். தாண்டிப் போயிடுவோம்."

"தாண்டி?"

"திருவண்ணாமலைக்கு சார்."

"எங்க இருக்கு திருவண்ணாமலை?"

"தமிழ்நாட்டுல சார். செங்கத்துக்கு அப்புறம்."

"இந்தப் பேப்பர்ல எங்க இருக்குன்னு கேட்டேன்."

பக்கத்து மேஜைக்காரர் சிரித்துவிட்டார். ஏட்டு சிரிக்கவில்லை. "பஜனென்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா நானே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பியிருப்பேன். கோஷணெ, கடி, தமிழரு. இந்த வாரத்துல. மேலிடத்துக்கு அனுப்பிட்டேன் நானு. சரி, இதுக்கு யாரு லீடர்?"

நான் குருசாமியைப் பார்த்தேன். பதினோரு வருடமாகக் கழுத்தில் மாலையோடு, முன்னால் நடக்கிறவர். கடிதத்தை எழுதச் சொன்னவர். அவர் தரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையை நீட்டி மேஜை மேல் இருந்த பட்டியலைத் தொட்டார்.

"லிஸ்ட்ல மொதல்ல இந்த அம்மா பேருதான் சார் இருக்கு."

இதை எழுதும்போதும் பல்லைக் கடிக்கிறேன். பயந்தார் என்று பிறகு பலரும் எனக்குச் சமாதானம் சொன்னார்கள். பயப்படட்டும். போலீஸுக்கு நானும்தான் பயந்தேன். பயத்தில் வாயை மூடிக்கொள்வது வேறு, விரலை நீட்டுவது வேறு. அவர் நீட்டிய விரல், தெரு பெருக்கும் பச்சைக் கோட்டை அன்றும் போட்டு வந்த, காலில் செருப்பில்லாத ஒருத்தியை நோக்கி நீண்டது. அவள் அவரை அண்ணா என்று கூப்பிடுகிறவள்.

அம்மா அந்த விரலையும் பட்டியலையும் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தன் பெயர் அங்கே முதலில் இருக்கிறது என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரியும்.

"ஆமா சார்" என்றாள். "நான்தான் லீடரு."

ஏட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்கும்மா நடக்கறே?"

"இவன் பாஸ் ஆனதுக்கு."

ஏட்டு என்னைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "இவன் பாஸா?" என்றார். அப்போது அவரும் சிரித்தார். ஸ்டேஷனே சிரித்தது. என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என் படிப்பைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள், முன்பெல்லாம் அவர்கள் பக்கம்தான் தவறு இருந்தது.

விஷயம் அங்கேயே முடிந்திருக்கலாம். புதிதாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன், நான்கே வரி, அண்ணாமலையார் கோயில் என்று முதல் வரியிலேயே போட்டு. ஆனால் அனுமதி தருவதற்கும், அம்மா மேல் கேஸ் இல்லை என்று எழுதித் தருவதற்கும் இன்ஸ்பெக்டர் கையெழுத்து வேண்டும். அவர் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வருவார்.

அன்று மாலை குருசாமி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. கூட மச்சானும் வந்திருந்தார்.

"நாங்க வழக்கம்போல வெள்ளிக்கிழமை கெளம்பிடறோம். லெட்டரும் வேணாம், மைக்கும் வேணாம். ஆனா நீங்க ரெண்டு பேரும் இந்த வருஷம் வேணாம்மா. உன் பேரு ஸ்டேஷன்ல ஏறிப்போச்சு. வழியில எவனாவது நிறுத்திக் கேட்டா மத்தவங்களுக்கும் பேஜாரு. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

"லெட்டர் எழுதச் சொன்னது நீங்கதானே?" என்றேன்.

"எழுதச் சொன்னேன். இப்படி எழுதச் சொன்னனா? பதினோரு வருஷம் படிக்காத நாங்க கூட்டினு போனோம், ஒரு போலீஸ் வீட்டுக்கு வரலை. ஒரு வாட்டி படிச்சவன் கையில குடுத்தோம்."

அதில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் என்னைக் கொதிக்க வைத்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசினாள், முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, தலை நிமிராமல்.

"ஏண்ணா, நேத்து வரைக்கும் நீங்க லீடரு. இன்னிக்குக் காலையில நான் லீடரு. லீடரை விட்டுட்டு கும்பல் எப்படிப் போவும்?"

மச்சான் சிரிப்பை அடக்கப் பார்த்தார். குருசாமிக்கு முகம் கறுத்தது.

"பேச்சை வளக்காத தங்கச்சி. தெய்வக் காரியம்."

"சரிண்ணா. எங்க ஐயாயிரம்?"

"அரிசி, பருப்பு எல்லாம் வாங்கியாச்சும்மா."

அவர்கள் போன பிறகு நான் கத்தினேன். தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அந்த ஆளையும், மேஸ்திரியையும், மலையையும். இதெல்லாம் தேவையே இல்லை, நான் படித்தேன், பாஸ் ஆனேன், அவ்வளவுதான், இனிமேல் வேண்டுதல் என்ற பேச்சே இந்த வீட்டில் வரக்கூடாது என்றேன். அம்மா முழுவதையும் கேட்டாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"நான் அவர்கிட்டயா வேண்டிக்கிட்டேன்? அவர் வேணாம்னா விடறதுக்கு? உன் பேப்பர்ல எந்த நாள் எந்த ஊருன்னு போட்டியே, அது இன்னும் இருக்கா, கிழிச்சுட்டியா?"

"இருக்கு."

"அப்போ தேதியை மாத்து."

"பௌர்ணமிக்குப் போய்ச் சேர முடியாதும்மா. ரஜாவும் போச்சு. திரும்பி வந்தா வேலை இருக்குமான்னே தெரியாது."

"பௌர்ணமி இல்லன்னா மலை இருக்காதா? வேலையைப் பத்தி என்கிட்ட பேசாத. குப்பை எங்கடா போவப் போவுது."

ஞாயிறு மதியம் இன்ஸ்பெக்டரின் கையெழுத்து கிடைத்தது. கேஸ் இல்லை என்ற தாளை மேஸ்திரியிடம் காட்டினோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சரி, நாளையிலிருந்து வா என்றார். வேண்டுமென்றே சொன்னார். நாளையிலிருந்துதான் நடக்கப் போகிறாள் என்று அவருக்குத் தெரியும். அம்மா தாளை வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, "வர்றப்ப வரேங்க" என்றாள்.

திங்கள் விடியலில் கிளம்பினோம். ஒரு பை, ஒரு தண்ணீர் கேன், மைக் இல்லை, கொடி இல்லை. சில்க் போர்டு தாண்டி, பொம்மனஹள்ளி தாண்டி, மேம்பாலத்துக்குக் கீழே புகையில் நடந்தோம். எனக்குக் கோபம் தணியவில்லை. கோபத்தில் வேகமாக நடந்தேன், அவள் பின்தங்கினாள், திரும்பி வந்து மறுபடி வேகமாக நடந்தேன். பிற்பகல் அத்திப்பள்ளிக்கு வந்தோம். லாரிகள் வரிசையாக நிற்கும் இடம். ஒரு பக்கம் கன்னடப் பலகை, நூறு அடி தள்ளித் தமிழ்ப் பலகை. அம்மா அங்கே நின்றாள்.

"எல்லை வரைன்னு எழுதினியே, அது இதானா?"

"ஆமா."

சுற்றிலும் பார்த்தாள். பஞ்சர் கடை, இளநீர் வண்டி, ஒரு நாய். "இதுக்காடா அத்தனி போலீசு?" என்றாள். அந்த வாரத்தில் முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் உட்கார்ந்து அவள் பாதத்தில் ஏறியிருந்த கண்ணாடித் துணுக்கை எடுத்தேன்.

ஐந்தாம் நாள் ஊத்தங்கரைக்கு முன்னால், எதிர்ப்பக்கத்திலிருந்து குருசாமி குழுவின் சாமான் வண்டி, பௌர்ணமி முடிந்து காலிப் பாத்திரங்களோடு திரும்பி வந்தது. எங்களைப் பார்த்து நின்றது. ஓட்டிய மச்சான் இறங்கி வந்து ஒரு பொட்டலம் புளியோதரை கொடுத்தார். முன் சீட்டில் குருசாமி தூங்குவது மாதிரி கண்ணை மூடியிருந்தார். நான் கையை நீட்டவில்லை. அம்மா வாங்கிக்கொண்டாள்.

"நம்ம காசுல வாங்கின அரிசிதான். தின்னு" என்றாள்.

நான் தின்னவில்லை. அவள் மரத்தடியில் உட்கார்ந்து மொத்தத்தையும் தின்று முடித்து, விரலை நக்கி, எழுந்து நடந்தாள்.

அடுத்த திங்கள் போய்ச் சேர்ந்தோம். கோயிலில் அவள் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்து, வீங்கிய காலை நீட்டிக்கொண்டு, "கணக்கு தீந்துச்சு. இனி உன் பாடு" என்றாள். பிறகு, "மொத்தம் எவ்வளவுடா ஆச்சு? படிச்சவன்தானே, கூட்டிச் சொல்லு."

அவளுடைய பதினைந்து நாள் சம்பளம், திரும்பி வராத ஐயாயிரம், ஊர் திரும்ப இரண்டு பஸ் டிக்கெட். வழிச் சாப்பாட்டைச் சேர்க்கவில்லை, வீட்டில் இருந்தாலும் சாப்பிட்டிருப்போம் என்றாள். கூட்டிச் சொன்னேன். பதினாலாயிரத்து இருநூறு ரூபாய்.